சுலபமாகக் கழலும் பெடல்

12 மார்ச் 2017
நியூகாஸில் துறைமுகம், ஆஸ்திரேலியா

இன்டாய்,

கப்பல் ஏறி மூன்று வாரம் ஆகிறது. செல்லப் பேர் சொல்லி ‘இன்டாய்’ என்று கூப்பிட, ஏறுவதற்கு முன்னால் மணிலாவிலிருந்து ஆறு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கப்பலின் மின்னஞ்சல் கேப்டனின் கணினி வழியாகத்தான் போகும். அவர் ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கே நிலக்கரி ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆகும். மாலுமிகள் இல்லத்தில் தபால் பெட்டி இருக்கிறது.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? டாக்டர் ஆறு வாரம் என்றார். இன்றோடு ஆறு வாரம். கட்டுப் பிரித்தாயிற்றா? விரல்களை மடக்க முடிகிறதா? சுருக்கெழுத்துக்காரிக்கு வலது கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் சிரித்தது தப்பு. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அர்செலி. சைக்கிள் சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள், என் வாயும் தானாகத் திறந்துவிட்டது. கிளிப் பெடலில் எல்லாரும் ஒரு முறை விழுவார்கள். காலணியின் அடியில் இருக்கும் கிளீட் பெடலுக்குள் மாட்டிக்கொள்ளும், நிற்கும்போது கழற்ற மறந்துவிடுவோம். நானும் விழுந்திருக்கிறேன். நீயும் மறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சான்டோ


20 ஏப்ரல் 2017
இலோயிலோ

சான்டோ,

கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் மடங்குகின்றன. ஆறு வாரம் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவதற்குத்தான் நீதிமன்றம் எனக்குச் சம்பளம் தருகிறது. ஆகவே ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி, நம் வீட்டு வாசல். நான்: “பெடல் ரொம்ப இறுக்கமா இருக்கு சான்டோ. கொஞ்சம் தளர்த்தி விடு.” நீ சாவியோடு குனிந்தாய். பிறகு: “தளர்த்திட்டேன், ஏறு.”

ஏழேகால் மணி, டைவர்ஷன் ரோடு, சிவப்பு விளக்கு. நான்: “கால் வர மாட்டேங்குது.” நீ: “குதிகாலை வெளியே திருப்பு.” நான்: “திருப்பிட்டேன். வரலை.” நீ: “இன்னும் திருப்பு.” நான் விழுந்தேன். பக்கத்தில் நின்ற ஜீப்னி வேன் ஓட்டுநர், அக்கா முறை வைத்து: “மனாங், படுக்கிறதுக்கு ரோடுதான் கெடச்சுதா? சிக்னல் மாறப்போவுது, போர்வை கொண்டாரவா?” உன் நண்பர்கள் சிரித்தார்கள். நீ சிரித்தாய்.

கழற்ற மறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் மறக்கவில்லை.

இந்தப் பதிவில் நீ திருத்தவோ சேர்க்கவோ ஏதாவது இருந்தால் எழுது. பெடல்களைக் கடையில் கொடுத்துக் கழற்றி, அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். பழைய தட்டைப் பெடல்தான் இப்போது இருக்கிறது.

போனில் உன் குரலைக் கேட்டால் நான் பாதியில் இளகிவிடுவேன். அதனால்தான் எடுப்பதில்லை.

அர்செலி


2 ஜூன் 2017
காஷிமா, ஜப்பான்

இன்டாய்,

உன் கடிதத்தை, புதிதாக ஏறிய மூன்றாம் எஞ்சினியர் பலாசியோ கொண்டுவந்து கொடுத்தான். ‘பெண்டாட்டி கிட்டேருந்தா? கவர் இவ்வளவு மெல்லிசா இருக்கே, சான்டோ அண்ணே, சண்டையா?’ என்றான். தடியான கவர்தான் சண்டை என்று சொல்லிவைத்தேன்.

நீ எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. நீ தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை.

எஞ்சின் அறையில் நாற்பத்திநாலு டிகிரி. வேலை முடிந்து குளித்துவிட்டு, உடற்பயிற்சி அறையில் நிற்கிற சைக்கிளில் ஏறி உட்காருகிறேன். சுவரைப் பார்த்து மிதிக்க வேண்டும். முதலில் நம் வீட்டுத் தெருவிலிருந்து கிளம்புவேன். மோலோ தேவாலயம், பாலம், ஆற்றோரப் பாதை. பாலம் ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், நீ வருகிறாயா என்று. சுவர்தான் இருக்கிறது. நேற்று சமையல்காரர் கதவைத் திறந்து, ‘யாரைப் பாத்து கை காட்டுற?’ என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய்? அதை மட்டுமாவது எழுது.

சான்டோ


9 ஜூலை 2017
இலோயிலோ

சான்டோ,

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன்.

ஆச்சரியப்படாதே. சலவைக்கடை லியோனி பெண்களாக ஏழு பேரைச் சேர்த்திருக்கிறாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி பாவியா, சான்டா பார்பரா வரை போய், வழியில் பட்சோய் நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டுத் திரும்புவோம். மே மாதம் முதல் முறை போனபோது எட்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது நாற்பது கிலோமீட்டர் போகிறேன். நவம்பரில் கிமாராஸ் தீவைச் சுற்றப்போகிறோம்.

அதனால் ஒரு கேள்வி. உன் மனைவியாகக் கேட்கவில்லை, சைக்கிள் தெரிந்த ஒருவனிடம் கேட்கிறேன்.

தட்டைப் பெடலில் மழையில் கால் வழுக்குகிறது. ஏற்றத்தில் நின்று மிதித்தால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே கடிக்கிறது. மூன்று தழும்பு. நீதிபதி என் காலைப் பார்த்துவிட்டு, ‘வீட்டில் பூனையா?’ என்றார்.

மனோங் பெர்டிங்கின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் மூன்று பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“இது பந்தயத்துக்கு. இது மலைக்கு. இது ரெண்டுங்கெட்டான்.”

“எனக்கு எது?”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க மனாங். நான் ஒண்ணு சொல்லி, அவர் வந்து வேற சொன்னா எனக்குத் தலைவலி.”

“அவர் நடுக்கடல்ல இருக்காரு.”

“நடுக்கடல்ல இருக்கிறவங்களுக்குத்தான் கருத்து ஜாஸ்தி.”

எனக்கு வேண்டியது இதுதான். மாட்டுவது கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை. கழற்றுவது சுலபமாக இருக்க வேண்டும். நான் நினைத்த நொடியில் கால் வெளியே வர வேண்டும். பயந்தாலும் வர வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா?

அர்செலி


15 ஆகஸ்ட் 2017
கடலில். சிங்கப்பூரில் தபாலில் சேர்ப்பேன்.

இன்டாய்,

இருக்கிறது.

பந்தயப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அதன் கிளீட் பெரியது, மூன்று திருகில் காலணிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடை. படகுத்துறையின் ஈரப் பலகையில் நேரே கடலுக்குள் போவாய். உனக்கு நான் மாட்டியது அந்த வகைதான். என்னிடம் ஒன்று கூடுதலாக இருந்தது, அதனால் மாட்டினேன். உனக்கு எது சரி என்று யோசிக்கவே இல்லை.

மலைக்கு என்று அவர் சொன்ன பெட்டியை எடு. இரண்டு திருகு, சின்னக் கிளீட். காலணியின் அடியில் ஒரு குழிக்குள் மறைந்திருக்கும், சாதாரணமாக நடக்கலாம். பெடலின் இரண்டு பக்கமும் மாட்டும், குனிந்து தேட வேண்டியதில்லை. ‘ரெண்டுங்கெட்டான்’ ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கிளிப். அதுவும் மோசமில்லை. ஆனால் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று புதியவர்கள் கீழேயே பார்த்துக்கொண்டு போவார்கள். எதிரே ட்ரைசைக்கிள் வரும்.

முக்கியமானது கிளீட். பெட்டியோடு வருவது, குதிகாலை வெளியே திருப்பினால் மட்டும் விடும். இன்னொரு வகை தனியாக விற்கிறது: உள்ளே திருப்பினாலும் விடும், வெளியே திருப்பினாலும் விடும், பதறிப்போய் மேலே இழுத்தாலும் விடும். அதைக் கேட்டு வாங்கு. ஏற்றத்தில் சில சமயம் தானாகக் கழன்றுவிடும் என்று பெர்டிங் பயமுறுத்துவார். கழலட்டும். திரும்ப மாட்டிக்கொள்ள ஒரு நொடி போதும்.

பெடலில் சின்னத் திருகு இருக்கும். பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு. கழித்தல் குறி இருக்கும் திசையில் நாலையும் முழுக்கத் தளர்த்து. நீயே செய், வேறு யாரிடமும் கொடுக்காதே. முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகு, ஒரு காலுக்கு ஐம்பது தடவை. ரோட்டில் நிற்கப்போவதற்கு இருபது அடி முன்பே ஒரு காலை எடுத்துவிடு. எப்போதும் அதே கால்.

இவ்வளவும் எழுதி முடித்து, கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்தேன்.

உன் பதிவில் ஒன்று சேர்க்க வேண்டும். காலை ஆறு மணி, நம் வீட்டு வாசல். நான் தளர்த்தவில்லை. இறுக்கினேன். போகிற வரைக்கும் இறுக்கினேன்.

முந்தின நாள் பாலத்து ஏற்றத்தில் உன் கால் கழன்று நீ பயந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இறுக்கினால் கழலாது, கழலாவிட்டால் பயம் போகும், பயம் போனால் நான் கிளம்புவதற்குள் என்னோடு கிமாராஸ் வருவாய். இப்படி எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டேன். மூன்று வாரம்தான் இருந்தது. உன்னைக் கேட்டால் ‘அடுத்த வருஷம் போகலாம்’ என்பாய். கப்பல்காரனுக்கு ஒரு வருஷம் என்பது இரண்டு மாதம்தான், அர்செலி. நீ மெதுவாகக் கற்றுக்கொள்வதைப் பார்க்க என்னிடம் நாள் இல்லை.

‘கால் வரலை’ என்று நீ சொன்னபோது ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சான்டோ


24 செப்டம்பர் 2017
இலோயிலோ

சான்டோ,

எனக்குத் தெரியும்.

நீ கப்பல் ஏறிய மறுநாள் பெடலைக் கழற்றச் சொல்லி மனோங் பெர்டிங்கிடம் கொடுத்தேன். அவர் திருகில் சாவியை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரு மனாங் இதை இப்படி முறுக்கினது? இதுல எருமையைக் கட்டினாக்கூட உருவிக்கிட்டுப் போவாதே.” எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் என்று சொன்னேன்.

ஏழு மாதமாகக் காத்திருந்தேன். உன் ஒவ்வொரு கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். சாட்சிகள் கூண்டைவிட்டு இறங்கப்போகும்போதுதான் உண்மையைச் சொல்வார்கள். பதினெட்டு வருஷ அனுபவம். ஜூன் கடிதத்தில் ‘திருத்த ஒன்றுமில்லை’ என்று எழுதினாயே, அதைப் படித்த அன்று பயணப் பையில் துணி அடுக்கினேன். பகோலோடில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று. லியோனி வந்து, “எங்க போற? ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்ட ஆள் கொறையுதே” என்றாள். இருந்துவிட்டேன்.

கை உடைந்ததுகூட இல்லை. ‘தளர்த்திட்டேன், ஏறு.’ நான் நம்பி ஏறினேன். அதுதான்.

வருஷத்துக்கு இரண்டு மாதம் வருகிறாய். அலமாரியை நகர்த்துகிறாய், அரிசி டின்னை இடம் மாற்றுகிறாய், நன்றாக ஓடும் மின்விசிறியைப் பிரித்துப் போடுகிறாய். நீ போனதும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க எனக்கு ஒரு மாதம் ஆகிறது. ஒன்றும் சொன்னதில்லை. பாவம், கொஞ்ச நாள்தானே இருக்கிறான் என்று. இனி சொல்வேன். என் காலை எப்போது எடுப்பது என்று நான்தான் முடிவு செய்வேன்.

பெடல் நீ சொன்னதையே வாங்கினேன். கிளீட்டும். நாலு திருகையும் நானே தளர்த்தினேன். துணி துவைக்கும் இடத்துச் சுவரில் பழகினேன், ஐம்பது இல்லை, நூறு தடவை. ஒரு முறை லியோனிமேல் சாய்ந்துவிட்டேன். “புருஷன் ஊர்ல இல்லாட்டி என் மேலயாடி விழுவ?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது திருகைத் தளர்த்தி, காலை வைத்துத் திருப்பினேன். டக்கென்று வந்துவிட்டது. ‘பாரு!’ என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். நீ நிற்கிற இடத்தில் வாளி இருந்தது. அந்தக் கோபம் வேறு. அது இன்னும் பெரியது.

அர்செலி


20 அக்டோபர் 2017
ரிச்சர்ட்ஸ் பே, தென்னாப்பிரிக்கா

இன்டாய்,

நீ எழுதியது எல்லாம் சரி. மின்விசிறி உட்பட.

போன வாரம் கேப்டன் கூப்பிட்டார். முதன்மை எஞ்சினியர் இறங்குகிறார். இன்னும் நாலு மாதம் நீட்டித்தால் அந்த இடம் எனக்கு என்றார். முன்னால் என்றால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு உனக்கு ஒரு வரி எழுதியிருப்பேன். போன இரண்டு தடவையும் அப்படித்தானே செய்தேன். இந்தத் தடவை ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பலாசியோ, “என்ன அண்ணே யோசிக்கிற? இந்த எடத்துக்கு ஆளாளுக்கு மெழுகுவத்தி ஏத்துறானுங்க” என்றான்.

மறுநாள் போய் வேண்டாம் என்றேன். உனக்காக வேண்டாம் என்று சொன்னதாக நினைக்காதே. அப்படிச் சொன்னால் அந்தச் சுமையும் உன் தலையில் வந்து உட்காரும். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். நீ காபியை ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் இருபது வாக்கில் மணிலாவில் இருப்பேன். நம் வீட்டுக்கு வரலாமா? இல்லை, அரேவாலோவில் அண்ணன் வீட்டில் தங்கட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன். பதிலை மணிலா அலுவலகத்துக்கு அனுப்பு.

கிமாராஸ் பற்றி ஒரு அறிவுரையும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

சான்டோ


13 நவம்பர் 2017
இலோயிலோ

சான்டோ,

நேற்று கிமாராஸ் போய்வந்தேன்.

ஆறு மணிப் படகு. சைக்கிள்களைக் கூரைமேல் ஏற்றிக் கட்டினார்கள். என் காலணியைப் பார்த்த படகுக்காரர், “ஒலிம்பிக்குக்கா மனாங்?” என்றார். “இல்ல, பேர்போன கிமாராஸ் மாம்பழம் வாங்க” என்றாள் லியோனி. “நவம்பர்ல ஏது மாம்பழம்?” “அதான் இவ்வளவு அவசரமா போறோம்.”

ஹோர்டான் துறையில் இறங்கியதும் அந்த ஏற்றம். நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், ஆனாலும் அது சுவர் மாதிரி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாதியில் மூச்சு நின்றது. இனி முடியாது என்று தெரிந்ததும் இடது காலை எடுத்தேன். வந்தது. இறங்கினேன். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன், சரிவு குறைந்த இடத்தில் மறுபடி ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வெட்கமாக இல்லை.

நுவேவா வாலென்சியா தாண்டி இறக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவில் ஓர் ஆடு, பின்னாலேயே மூன்று குட்டி, ரோட்டின் நடுவில். பிரேக்கைப் பிடித்தேன். பின்சக்கரம் இழுத்தது. திருப்ப வேண்டும், குதிகால், வெளியே, ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. காலை அப்படியே பிடுங்கினேன். இரண்டும் வந்துவிட்டன. ஆட்டுக்கு மூன்றடி தூரத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றேன்.

ஆடு என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. லியோனி பின்னாலிருந்து கைதட்டினாள். “நின்னுட்டியேடி!”

அப்போதுதான் ரோட்டோரச் சகதியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“ஆட்டுக்குப் பட்டுச்சா?”

“இல்லடி.”

“அப்புறம் எதுக்கு அழற?”

“சொல்றதுக்கு ஆளில்ல.”

“நான் ஆளில்லையா?” என்றாள். பிறகு அவளே சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கணவர் துபாயில் பதினோரு வருஷம்.

நான் நின்ற அந்த நொடியை நீ பார்த்திருக்க வேண்டும், சான்டோ. அந்தக் கிளீட் ஏன் விட்டது என்று அந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும். கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் கோபப்படுவதற்கும் நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்தச் சகதியில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது.

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம்.

அர்செலி


22 நவம்பர் 2017
மணிலா

அர்செலி,

அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் நின்றபடியே படித்தேன். ‘துக்கச் செய்தியா சார்?’ என்று கேட்டு அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். இல்லை, ஓர் ஆடு தப்பித்துவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். பதினொன்றரைக்கு இறங்கும். விமான நிலையத்துக்கு வருவாயா?

சான்டோ


26 நவம்பர் 2017, ஞாயிறு
நம் வீட்டுச் சமையலறை மேசை

சான்டோ,

சாவி பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று நேற்று அனுப்பிய செய்தியைப் பார்த்திருப்பாய். அதனால்தான் இதைப் படிக்கிறாய்.

விமான நிலையத்துக்கு நான் வரவில்லை. இன்று எங்களுக்கு மியாகாவோ வரை போய்த் திரும்பும் பயணம். ஒரு மாதத்துக்கு முன்பே வருவதாகச் சொல்லிவிட்டேன். நீ வருகிறாய் என்பதற்காக நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிறுத்தினால் அதை உன்மேல் குறையாக வைத்துக்கொண்டிருப்பேன். நிறுத்தவில்லை.

சோறு குக்கரில் இருக்கிறது. பாங்குஸ் மீன் வறுத்து மூடி வைத்திருக்கிறேன். குளி, சாப்பிடு. எதையும் நகர்த்தாதே. தூக்கம் வந்தால் தூங்கு. ஆனால் உனக்குத் தூக்கம் வராது, எனக்குத் தெரியும். இரண்டு மணிக்கு ஒரு தடவை வெளியே எட்டிப் பார்ப்பாய். இரண்டரைக்கு இன்னொரு தடவை. தெருவில் எந்தச் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எழுந்திருப்பாய். நான் இதைப் பதினெட்டு வருஷம் செய்தேன். நீ நாலு மணி வரைக்கும் செய்.

நாலு மணிக்கு வருவேன். வாசலில் நில். நான் வேகம் குறைப்பதைப் பார்த்ததும் ஓடிவந்து சைக்கிளைப் பிடிக்காதே. கழற்று என்று கத்தாதே. நானே காலை எடுப்பேன், நானே இறங்குவேன்.

இறங்கின பிறகு பிடித்துக்கொள்.

அர்செலி